தாய்ப்பாசம் "மூளை போட்டுக்கொள்ளும் மார்ஃபின்" என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

வைகைக்கரையான்:
வணக்கம் நண்பர்களே. வாட்ஸப்பில் ஒரு காணொளி சுற்றி வருகிறது. "தாய்ப்பாசம் என்பது மூளை தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மார்ஃபின் ஊசி, அவ்வளவுதான்" என்று பேசுகிறவர் அடித்துச் சொல்கிறார். நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சும்மா கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை.

எனக்குத் தெரிந்தது இதுதான். மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலேயே இருக்கின்றன என்று 1973-இல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் மூளை தானே தயாரிக்கும் என்கெஃபலினை இனங்கண்டார்கள். வலியைக் குறைப்பது அதன் வேலை என்பதோடு நம் பாடப்புத்தகம் நின்றுவிடுகிறது. அங்கிருந்து தாய்ப்பாசத்துக்கு எப்படிப் போனார்கள்? குட்டி தாயைத் தேடுவது ஒன்று, தாய் குட்டியைப் பேணுவது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே விளக்கமா? அப்புறம், பால்குடி மறந்த எலிக்குட்டிகூடத் தன்னைவிடச் சின்னக் குட்டியை நக்கிப் பராமரிக்கும் என்று எங்கோ படித்தேன். அதிலும் இந்தச் சங்கதி உண்டா?

கோடைமழை:
சார், இரண்டையும் பிரித்துக் கேட்டதே பாதி வேலை. காணொளிக்காரர்கள் பிரிப்பதில்லை. நான் நரம்பியல் ஆய்வகத்தில் இருக்கிறேன், ஓபியாய்டு (மார்ஃபின், என்கெஃபலின் போன்ற பொருள்களின் பொதுப்பெயர்) என் நேரடித் துறை இல்லை, ஆனால் இந்தக் கட்டுரைகளோடு பழக்கம் உண்டு. முதலில் குட்டியின் பக்கம்.

கதை ஜாக் பேங்க்செப்பிடம் தொடங்குகிறது. எஸ்தோனியாவில் பிறந்தவர், அமெரிக்காவின் ஒஹையோவில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். எலிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினால் மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில் அது சிரிக்கிறது என்று பிற்பாடு சொன்னாரே, அதே ஆள். அபினுக்கு அடிமையானவரிடம் மூன்று விஷயங்கள் தெரியும். முதலில் அலாதியான சுகம், போகப்போக அது பழகிப்போவது, நிறுத்தினால் அழுகையும் தவிப்பும். ஓர் உயிரோடு இன்னோர் உயிர் ஒட்டிக்கொள்வதும் இதே மாதிரிதானே நடக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடவில்லை, சோதித்தும் பார்த்தார்.

1978-இல் வந்த முதல் முக்கியக் கட்டுரை நாய்க்குட்டிகளைப் பற்றியது. தனியாக விட்டால் குட்டி கத்தும். தூக்கம் வரவைக்காத அளவுக்குச் சிறு டோஸ் மார்ஃபின் கொடுத்தபோது கத்தல் நன்றாகக் குறைந்தது. பிறகு கினிப் பன்றிக் குட்டியிலும் கோழிக்குஞ்சிலும் பார்த்தார்கள். ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் நாலோக்ஸோனைக் கொடுத்தால் கத்தல் கூடியது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய விஷயம். வெளியிலிருந்து மார்ஃபின் கொடுத்து யாரையும் அடக்கிவிடலாம், அதில் அதிசயம் இல்லை. ஏற்பியை அடைத்ததும் தவிப்பு ஏறுகிறது என்றால், அதற்கு முன்பு உடலின் சொந்தச் சரக்கு ஏதோ தவிப்பைத் தணித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

இன்னொன்று. கினிப் பன்றியின் மூளையில் குறிப்பிட்ட இடங்களை மின்சாரத்தால் தூண்டினால் தாயைப் பிரிந்தபோது கத்துகிற அதே கத்தல் வந்தது. அவற்றில் ஒன்று நடுமூளையில் இருக்கிற, வலியோடும் நெருங்கிய தொடர்புள்ள சாம்பல் பகுதி. வலியை அடக்க உருவான ஏற்பாட்டையே பரிணாமம் பிரிவுத் துயருக்கும் எடுத்துக்கொண்டது என்பது பேங்க்செப்பின் வாதம். தாய்ப் பக்கத்தை நாளை எழுதுகிறேன், அங்கேதான் குழப்பமே.

சந்தேகசாமி:
வழக்கம்போல ஒரு முட்டுக்கட்டை. "தவிப்பு", "துயர்" என்றெல்லாம் எழுதுகிறீர்களே, கத்துவதை எண்ணித்தானே அதைச் சொல்கிறீர்கள்? அயோவா பல்கலைக்கழகத்தின் மார்க் பிளம்பர்க் எலிக்குட்டியை வைத்து இதற்கு நேர்மாறான விளக்கம் கொடுத்தார். எலிக்குட்டி ரோமமில்லாமல் பிறக்கிறது. தாயையும் கூட்டையும் விட்டு எடுத்தால் உடனே குளிர்ந்துபோகும். குளிரில் இரத்த ஓட்டம் மந்தப்படும்போது வயிற்றுத் தசையை இறுக்கி இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளுகிறது, அந்த நேரத்தில் குரல்வளை வழியே வரும் காற்றுதான் அந்தச் சத்தம் என்றார். கிட்டத்தட்ட 40 கிலோஹெர்ட்ஸ், நமக்குக் கேட்காது. தும்மலைக் கேட்டு யாராவது "ஐயோ பாவம், அழுகிறான்" என்பார்களா?

கோடைமழை:
பிளம்பர்க்கை எடுத்தது நல்லது. இந்த ஆட்சேபம் அந்தத் துறையை ஒழுங்காக வேலை செய்ய வைத்தது. 2001 வாக்கில் இது பெரிய சண்டை, பேங்க்செப் பதிலும் எழுதினார்.

ஆனால் 2004-இல் ஒரு சோதனை வந்தது. இத்தாலியின் ஃபிரான்செஸ்கா டமாட்டோ குழுவும் பிரான்ஸின் பிரிஜிட் கீஃபரும் சேர்ந்து செய்தது. ஓபியாய்டு ஏற்பிகளில் மியூ, டெல்டா, கப்பா என மூன்று முக்கிய வகை உண்டு. மார்ஃபின் முக்கியமாகப் பிடிப்பது மியூவை. மரபணுவை நீக்கி, மியூ ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தால் மற்றக் குட்டிகளைவிட மிகக் குறைவாகவே கத்தின. சரி, குரல் எழுப்பும் திறனே போயிருக்குமோ? குளிரில் வைத்தார்கள், சாதாரணக் குட்டி மாதிரியே கத்தின. அந்நிய ஆண் எலியின் வாசனையைக் காட்டினார்கள், அப்போதும் கத்தின. குளிரும் பயமும் தெரிகிறது, தாய் இல்லாதது மட்டும் பெரிதாகப் படவில்லை. தாயின் கூட்டு வாசனையை நாடுவதிலும் சாதாரணக் குட்டிகளிடம் இருந்த விருப்பம் இவற்றிடம் காணவில்லை.

கத்தல் முழுக்கக் குளிரின் துணைவிளைவு என்றால் குளிருக்கும் பிரிவுக்கும் ஒரே விதமாக அல்லவா மாறியிருக்க வேண்டும்?

சந்தேகசாமி:
இது சரியான சோதனைதான். இருந்தாலும் பிறவியிலேயே ஒரு ஏற்பி இல்லாமல் வளர்ந்த மூளை வேறு எதையெல்லாம் மாற்றிக்கொண்டது என்று தெரியாது. சுண்டெலியில் பார்த்ததைப் பெரிய விலங்குகளுக்கு நீட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை.

கோடைமழை:
நீட்ட வேண்டாம், குரங்கிலேயே செய்திருக்கிறார்கள். ரீசஸ் குரங்குகளில் மியூ ஏற்பி மரபணுவில் இயற்கையாகவே ஒரு மாறுபாடு உண்டு. 2008-இல் வந்த ஆய்வில், அந்த மாறுபாடு உள்ள குட்டிகள் பிரிக்கப்பட்டபோது கூடுதலாகக் கத்தின, திரும்பச் சேர்த்தபோது தாயோடு கூடுதல் நேரம் ஒட்டிக்கொண்டன. விஸ்கான்சினில் நெட் காலினும் சகாக்களும் மீண்டும் சேரும் தருணத்தையே ஆராய்ந்தார்கள். மார்ஃபின் கொடுத்தால் குட்டியின் கட்டிப்பிடிப்பும் குரல் கொடுப்பும் குறைந்தன, ஏற்பியை அடைத்தால் கூடின. கத்தல் கூடுவதும் குறைவதும் சோதனைக்குச் சோதனை மாறினாலும், நாய், கினிப் பன்றி, கோழி, சுண்டெலி, குரங்கு எல்லாவற்றிலும் பிரிவுக் கத்தலில் ஓபியாய்டுக்குக் கை இருக்கிறது. குட்டிப் பக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாட்டுடாக்டர்_செல்வி:
நான் கால்நடை மருத்துவர். பெயரில் மாடு இருந்தாலும் பாதி நாள் நாய்தான். இந்த இழையைப் படித்துவிட்டு ஒருவர் தனிமடலில் "ராத்திரி கத்துகிற குட்டிக்கு ட்ரமடால் வலி மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா" என்று கேட்டிருக்கிறார். கொடுக்கக் கூடாது. எந்த மனித மாத்திரையும் வேண்டாம். ஆய்வகத்தில் எடை பார்த்து, அளந்து, பக்கத்தில் ஆள் நின்று கொடுத்தது வேறு, வீட்டில் மாத்திரையை ஒடித்துப் போடுவது வேறு. மூச்சு மந்தப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிடும்.

நம் ஊரில் கத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். "சின்னதாக எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும்" என்று வாங்குகிறவரும் நம்புகிறார். கோடைமழை சொன்ன 1978 கட்டுரையில் ஜான் பால் ஸ்காட்டும் ஒரு ஆசிரியர். நாய்க்குட்டி மற்ற உயிர்களோடு பழகக் கற்கும் முக்கியமான பருவம் ஏறக்குறைய 3 முதல் 12 வாரம் என்று அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல வருடம் வேலை செய்து வகுத்தவர் அவர்தான். அந்தப் பருவத்தின் முன்பாதியைத் தாயோடும் கூடப்பிறந்தவையோடும் கழிக்கட்டும் என்றுதான் எட்டு வாரம் ஆகும்வரை பிரிக்காதீர்கள் என்கிறோம். எட்டு வாரக் குட்டியும் முதல் சில இரவு கத்தும். பெட்டியை நீங்கள் படுக்கும் அறையிலேயே வையுங்கள், இளஞ்சூட்டுத் தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போடுங்கள், தாய் படுத்த துணி கிடைத்தால் கேட்டு வாங்கி வாருங்கள். "கத்திக் கத்தி அடங்கட்டும்" என்று மொட்டை மாடியில் கட்டிப்போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். அடங்குவது பழகியதால் அல்ல, களைத்துப்போவதால்.

டீக்கடை_பெஞ்சு:
மாமியார் வீட்டுக்கு மனைவி போன மூன்றாம் நாள் எனக்கும் இதே அறிகுறிதான் டாக்டர். மியூ ஏற்பி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மாட்டுடாக்டர்_செல்வி:
முதலில் சமையலறையில் போய்ச் சாப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நோயாக இருக்கலாம்.

வார்டு_அக்கா:
பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நாங்கள் தினமும் செய்கிற ஒரு காரியம் இதோடு சேருவதால் எழுதுகிறேன். குழந்தையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கும்முன் நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விடுவோம். அழுகை கண்கூடாகக் குறையும். பயிற்சியில் "இது மூளையில் ஓபியாய்டு வழியாக வேலை செய்கிறது" என்று ஒரு வரி மட்டும் சொன்னார்கள். ஏன் என்று பிறகு தேடிப் படித்தேன்.

எலியட் பிளாஸ் என்பவர் 1980-களில் எலிக்குட்டிகளில் இதைக் காட்டியிருக்கிறார். தனியாக விட்ட குட்டியின் வாயில் சர்க்கரைக் கரைசல் விட்டால் கத்தல் குறைகிறது, வலியும் குறைவாகத் தெரிகிறது. நால்ட்ரெக்ஸோன் கொடுத்து ஏற்பியை அடைத்தால் சர்க்கரையின் பலன் போய்விடுகிறது. ஆனால் அதே பிளாஸ், தாயின் உடல் ஸ்பரிசத்தால் குட்டி அமைதியாவதையும் சோதித்தார். அதை நால்ட்ரெக்ஸோனால் தடுக்க முடியவில்லை! அதாவது பால் ருசி ஒரு வழி, தொடுகை இன்னொரு வழி. காணொளிக்காரர் சொல்வது போல எல்லாம் ஒரே ஊசி என்றால் இது எப்படி?

கங்காரு முறையில் அம்மா நெஞ்சோடு அணைத்து வைக்கும் குழந்தை அமைதியாவதை நாங்கள் பார்க்கிறோம். அந்த முறை கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல் தொடங்கியது, மேலே சொன்ன நாய்க்குட்டிக் கட்டுரை வந்த அதே வருடம். ஒருவரை ஒருவர் அறியாமல்தான் செய்திருப்பார்கள்.

கோடைமழை:
அக்கா, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் எனக்கு முக்கியமான பதிவு. பேங்க்செப்பின் கோட்பாட்டை நம்புகிறவர்கள் பிளாஸின் தொடுகைச் சோதனையை மெல்லத் தாண்டிப் போய்விடுவார்கள். மைரன் ஹோஃபர் என்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒருவர் இருந்தார். தாய் என்பது குட்டிக்கு ஒற்றைப் பொருள் அல்ல, அவள் சூடு ஒன்றைச் சீராக வைக்கிறது, பால் இன்னொன்றை, நக்குவது வேறொன்றை, அவள் போனதும் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆட்டம் காண்கிறது என்றார். அதில் சில இழைகளில்தான் ஓபியாய்டு ஓடுகிறது. மேலும் எல்லா ஓபியாய்டும் ஆற்றுவதும் இல்லை. கப்பா ஏற்பியைத் தூண்டினால் எலிக்குட்டி இன்னும் அதிகமாகத்தான் கத்துகிறது.

இப்போது தாய்ப் பக்கம்.

எலியில் தொடங்கினால் காணொளிக்காரரின் வாதம் முதல் அடியிலேயே வழுக்கிவிடும். பாசம் என்பது மார்ஃபின் என்றால், தாய் எலிக்கு மார்ஃபின் கொடுத்தால் பாசம் பொங்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் பிரிட்ஜஸ் கொடுத்துப் பார்த்தார். நேர் எதிர். குட்டிகளைச் சிதறிப் போட்டால் சாதாரணத் தாய் ஓடி ஓடிக் கவ்விக் கூட்டுக்குள் சேர்க்கும். மார்ஃபின் வாங்கிய தாய் அதைச் செய்யவில்லை. கூடவே நாலோக்ஸோன் கொடுத்தபோது பழையபடி செய்தது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் பேணல் நடத்தைக்கு மையமான ஓர் இடம் உண்டு, அங்கே மட்டும் மார்ஃபினைச் செலுத்தினாலும் இதே கதி. எலியின் உடலும் இதற்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது. அந்த இடத்தில் மூளையின் இன்னொரு சொந்த ஓபியாய்டான பீட்டா எண்டார்ஃபின் கர்ப்பத்தின் நடுவில் ஏறி, பிரசவத்தை ஒட்டி இறங்குகிறது. குட்டி வரும் நேரத்தில் தடை விலகுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் லூசியானோ ஃபெலிசியோ குழு செய்தது இன்னும் விசித்திரம். பால் கொடுக்கும் எலியின் முன்னால் ஒரு பக்கம் குட்டிகள், இன்னொரு பக்கம் கரப்பான் பூச்சிகள். சாதாரணத் தாய் குட்டிகளிடம் போகும். மார்ஃபின் கொடுத்த தாய் குட்டிகளை விட்டுவிட்டுக் கரப்பான் வேட்டைக்குப் போனது. மயங்கிக் கிடக்கவில்லை, நன்றாக ஓடியாடியது. அதன் முன்னுரிமைதான் மாறியிருந்தது. பேங்க்செப் சொன்ன அதே நடுமூளைச் சாம்பல் பகுதியில்தான் இந்த மாற்றத்துக்கான சாவியும் கிடைத்தது.

இப்போது ஆடு. கேம்பிரிட்ஜில் எரிக் கெவர்னும் கீத் கெண்ட்ரிக்கும் செம்மறியில் பார்த்தது வேறு கதை. பிரசவத்தில் பிறப்புவழி விரியும் தூண்டல் மூளைக்குள் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை வெளியேற்றுகிறது, அதன் பிறகு சில மணி நேரத்துக்குள் தாய் தன் குட்டியின் வாசனையைப் பதித்துக்கொள்கிறது. இங்கே ஓபியாய்டை அடைத்தால் ஏற்பு குறைந்தது, மார்ஃபின் கொடுத்தால் ஏற்பு கூடியது. எலியில் கெடுத்தது ஆட்டில் உதவுகிறது!

குரங்கில் 1993-இல் கெவர்ன் குழு ரீசஸ் தாய்களுக்கு நாலோக்ஸோன் கொடுத்தது. தாய் குட்டியைத் தூக்கி எறியவில்லை, பால் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. பேன் பார்ப்பது குறைந்தது, காவலும் தளர்ந்தது. குட்டி தானாக வந்தால் சரி, வராவிட்டாலும் சரி என்கிற மாதிரி. பேன் பார்க்கப்படும் குரங்குக்கு மூளைத் தண்டுவட நீரில் பீட்டா எண்டார்ஃபின் ஏறுகிறது என்று அதே குழு சில வருடம் முன்பே தலபோயின் குரங்குகளில் கண்டிருந்தது.

என் கருத்து: ஓபியாய்டு பாசத்தை உண்டாக்கும் பொருள் இல்லை. சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்ற நிறைவைத் தருவது. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் மிதக்கும் பந்து மாதிரி. தண்ணீர் நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும். வெளியிலிருந்து மார்ஃபின் ஊற்றினால் குட்டி தாயைத் தேடுவதும் நிற்கிறது, தாய் எலி குட்டியைத் தேடுவதும் நிற்கிறது. இரண்டுக்கும் தொட்டி ஏற்கனவே நிறைந்துவிட்டது. செம்மறி முடிவு இதில் அழகாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஓபியாய்டு ஆக்ஸிடோசினுக்குக் கைகொடுக்கும் இடத்தில் நிற்கிறது.

சந்தேகசாமி:
பொருந்தவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் என் வேலை மிச்சம்.

யாழ்_பரணி:
நான் இலங்கையில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறேன், ஆடும் மாடும். செம்மறி பற்றி எழுதியது எங்களுக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான். தாய் செத்த குட்டியை வேறு ஆட்டோடு சேர்ப்பதென்றால் அந்த ஆடு குட்டி போட்ட உடனேயே சேர்க்க வேண்டும், பனிக்குட நீரைப் பூசி விட்டால் இன்னும் சுகம். நேரம் தப்பினால் முட்டித் தள்ளிவிடும். தமிழ்நாட்டில் கன்று செத்தால் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்குமாம்.

ஐயா கேட்ட மூன்றாவது கேள்விக்கு இன்னும் ஒருவரும் வரவில்லையே. வளர்ந்து முடியாத குட்டி இன்னொரு குட்டியைப் பார்க்கிறது என்பது உண்மையா? எலி குட்டியைத் தின்னும் என்றுதான் நாங்கள் அறிந்தது.

கோடைமழை:
தின்னவும் செய்யும், பேணவும் செய்யும், வயதைப் பொறுத்தது. குட்டி போடாத வளர்ந்த பெண் எலியின் கூண்டில் அந்நியக் குட்டிகளைப் போட்டால் முதலில் விலகி ஓடும், சிலது தாக்கும். ஆனால் தினமும் புதுக் குட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வாரம் போலப் போனதும் நக்கும், கூட்டில் சேர்க்கும், மேலே கவிந்து படுக்கும். பால் மட்டும் இராது. ஜே ரோசன்பிளாட் 1967-இல் இதை எழுதினார். ஹார்மோன் இல்லாமலும் தாய்மை வரும் என்று அன்றைக்கு அது பெரிய செய்தி.

இப்போது மூன்று வார எலிக்குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது அப்போதுதான் பால்குடி மறந்திருக்கும். அதன் முன்னால் பச்சைக் குட்டிகளைப் போட்டால் ஒரு வாரம் வேண்டாம், ஒன்று முதல் மூன்று நாளில் பேணத் தொடங்கிவிடும். ஆண் குட்டி, பெண் குட்டி இரண்டுமே. அதன் வாயளவுக்கே இருக்கும் குட்டியைக் கவ்வி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பருவம் நெருங்க நெருங்க இந்த வேகம் குறைந்து, வளர்ந்தவற்றைப் போலத் தயங்க ஆரம்பிக்கும்.

காரணம் பெரும்பாலும் பயம். வளர்ந்த கன்னி எலிக்குக் குட்டியின் வாசனை அந்நியம், அது அருவருப்பையும் பயத்தையும் கிளப்புகிறது. முகரும் திறனை அடைத்துவிட்டால் அதுவும் சீக்கிரம் பேணத் தொடங்குகிறது என்று ஆலிசன் ஃப்ளெமிங் காட்டினார். சின்னதுக்கு அந்தப் பயம் இன்னும் முளைக்கவில்லை. காட்டு வாழ்க்கையிலும் இதற்கு இடம் இருக்கிறது. தாய் எலி குட்டி போட்ட உடனே மறுபடி சினைப்பட்டுவிடும், சினைக்காலம் சுமார் 22 நாள். ஆகவே அடுத்த ஈற்று பிறக்கும்போது முந்தைய ஈற்று மூன்று வாரத்தில் அதே வளையில் இருக்கும். அக்கா, அண்ணன் வேலைக்கு ஆள் தயார்.

வைகைக்கரையான்:
அருமை. இதில் ஓபியாய்டு எங்கே வருகிறது?

கோடைமழை:
சின்னவற்றில் ஓபியாய்டு தெளிவாகத் தெரிவது விளையாட்டில். இளம் எலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டு கட்டிப்பிடித்து உருளும். குறைந்த அளவு மார்ஃபின் அந்த விளையாட்டைக் கூட்டுகிறது, நாலோக்ஸோன் குறைக்கிறது. தாயிடம் ஒண்டிக் கிடந்த சுகம், பிறகு கூடப்பிறந்தவற்றோடு உருளும் சுகம், பிறகு தன் குட்டியை நக்கும் சுகம் என்று ஒரே ஏற்பாடு வயதுக்கு ஏற்ப வேறு வேறு இடத்தில் வேலை செய்கிறது என்பது பேங்க்செப் மரபின் வாசிப்பு. மூன்றாவது படிக்குச் சான்று எலியில் பலவீனம், குரங்கில் பரவாயில்லை.

நீளமான விளைவுக்கு ஒரு சோதனை சொல்லலாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் பர்ன்ஸ் குழு, விடலைப் பருவப் பெண் எலிகளுக்குக் கொஞ்ச நாள் மார்ஃபின் கொடுத்து நிறுத்தியது. மருந்து உடலை விட்டுப் போய், எலி வளர்ந்து, சினைப்பட்டுக் குட்டி போட்ட பிறகு பார்த்தார்கள். பேணலில் சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தன. குட்டிகளின் விளையாட்டும் மாறியிருந்தது. மாற்றம் நுட்பமானது என்று அவர்களே சொல்கிறார்கள், "தாய்மை அழிந்தது" என்று தலைப்புப் போடுகிற அளவு இல்லை.

மழலைப்பட்டாளம்:
நான் இரண்டு தெருநாய் எடுத்து வளர்ப்பவள். இதையெல்லாம் படிக்கும்போது வயிறு எரிகிறது. நாய்க்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கத்தவிட்டு எண்ணினார்களாம், அதைப் பெருமையாக எழுதுகிறீர்கள்.

மாட்டுடாக்டர்_செல்வி:
உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் விலங்குக்கு உணர்ச்சி இருக்கிறது என்று எழுதினாலே பல ஆய்வாளர்கள் முகம் சுளித்தார்கள். குட்டியின் கத்தலுக்கு அடியில் நமக்கும் இருக்கிற அதே ஏற்பாடுதான் இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் பேங்க்செப். எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதே என்று நான் ஒரு வியாபாரியிடம் சண்டை போடும்போது என் கையில் இருப்பது இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். இன்றைக்கு அதே சோதனையை அதே விதத்தில் செய்ய நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மழலைப்பட்டாளம்:
கடைசி வாக்கியத்துக்காக மட்டும் விடுகிறேன்.

வார்டு_அக்கா:
மனிதரில் இதன் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் தாய் ஓபியாய்டு எடுத்திருந்தால் குழந்தை பிறந்ததும் அந்த வரத்து நின்றுவிடும். நடுக்கம், ஓயாத கீச்சுக் குரல் அழுகை, பால் குடிக்க முடியாமை எல்லாம் வரும். அமெரிக்காவில் இது பெரிய பிரச்சினை. பிளாஸ் மெத்தடோன் என்ற ஓபியாய்டு எடுத்த தாய்மாரின் குழந்தைகளையும் பார்த்தார். மற்றக் குழந்தைகளை ஆற்றும் சர்க்கரை இவர்களை ஆற்றவில்லை. சர்க்கரை எந்த வழியாக வேலை செய்கிறது என்பதற்கு மனிதரில் கிடைத்த சான்று என்றும் இதைச் சொல்லலாம்.

முன்பெல்லாம் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, மதிப்பெண் ஏறினால் மார்ஃபின் சொட்டு கொடுப்பார்கள். இப்போது குழந்தை பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, ஆற்றினால் ஆறுகிறதா என்று மட்டும் பார்த்து, முதலில் தாயை அருகில் வைத்துப் பேணும் முறை வந்திருக்கிறது. அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், வீட்டுக்கு அனுப்பத் தயாராக ஆன காலம் பழைய முறையில் சராசரி 14.9 நாள், புதிய முறையில் 8.2 நாள். மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரு திருத்தம் முன்கூட்டியே: "அம்மா மடியே மார்ஃபின்" என்று யாரும் இதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். மருந்து தேவைப்பட்ட குழந்தைகளுக்குப் புதிய முறையிலும் கொடுத்தார்கள்.

டீக்கடை_பெஞ்சு:
அக்கா, "அம்மா மடியே மார்ஃபின்" என்று தலைப்பு வைத்து அடுத்த காணொளியை நான் போடலாம் என்று இருந்தேன். கெடுத்துவிட்டீர்கள்.

வைகைக்கரையான்:
ஒரு கேள்வி மிச்சம். மூன்று வாரக் குட்டி பச்சைக் குட்டியைப் பேணும்போது அதன் மூளையில் ஓபியாய்டு வேலை செய்கிறதா இல்லையா என்பதை எப்படி உறுதியாகச் சொல்வது? பிளஸ் டூ பிள்ளைகளிடம் "நீங்களே ஒரு சோதனை வடிவமையுங்கள்" என்று கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

சந்தேகசாமி:
இதற்கு நானே வருகிறேன். வெறுமனே மார்ஃபின் கொடுத்து "பேணவில்லை" என்றால் ஏற்க மாட்டேன், மந்தமாகிக் கிடந்திருக்கும். நாலோக்ஸோன் கொடுத்து மாறினால் பாதி ஏற்பேன். குட்டியாக இருக்கும்போது எல்லாம் சரியாக வளரட்டும், மூன்று வாரம் வரும்போது ஹைப்போதலாமஸின் அந்த ஒரு பகுதியில் மட்டும் மியூ ஏற்பியை நீக்குங்கள். மரபணுவை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் அணைக்கும் நுட்பம் இப்போது இருக்கிறது. பிறகு எத்தனை நாளில் பேணத் தொடங்குகிறது என்று எண்ணுங்கள். கூடவே ஓட்டம், முகர்தல், பயம் மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பயம் மட்டும் கூடியிருந்தால் அது பேணல் பற்றிய முடிவு ஆகாது.

கோடைமழை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் சார். ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் தனித்தனிக் குழுவாக வைக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் இரண்டும் ஒரே மாதிரி பேணுவதால் பலர் கலந்து எண்ணிவிடுவார்கள். நடத்தை ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இயங்குவது ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை.